பாட வந்த பேத்திக்கு

கண்ணு, பாட்டுத்தான் இனி என் வழி என்று நீ முடிவு செய்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். வீட்டில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்குக் கவலை. எனக்கு இரண்டுமே உண்டு. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் கணக்கெழுத வந்த உன் தாத்தாவோடு கொச்சிக்கு வந்தவள் நான். இடக்கொச்சியில் காயலோரத்து வீட்டில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டேன். நல்ல குரல்கள் சில நிலைத்ததையும், அவற்றைவிட நல்ல குரல்கள் பல வீணானதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதிலிருந்து தெரிந்துகொண்டதை உனக்கு எழுதுகிறேன்.

வெறும் புத்திமதியாகச் சொன்னால் மனசில் நிற்காது. அதனால் ஒருவருடைய வாழ்க்கையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். மேலைநாடுகளில் ஆபரா என்றொரு கலை உண்டு. கதை முழுவதையும் பாடியே நடிப்பார்கள், மைக் கிடையாது, பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். அதில் மேல் ஸ்தாயியில் பாடும் பெண்ணை சொப்ரானோ என்பார்கள். நம் நாடகமேடையில் அந்த இடத்தில் நின்றவர் சுந்தராம்பாள்தான் என்பது என் எண்ணம்.

1. எந்த இடத்தில் பாடினாலும் முழுதாகப் பாடு. 1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில், வறுமை வாட்டிய வீட்டில் பிறந்தவர் சுந்தராம்பாள். அம்மா பாலாம்பாள் பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் வேலு நாயர் நாடகக் குழுவுக்கு வழிகாட்டினார்கள். ரயில் பெட்டிதானே, சும்மா முணுமுணுத்தால் போதும் என்று அந்தக் குழந்தை நினைத்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? நம் பக்கத்தில் கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று உன்னைக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும், யாரும் கேட்பதாகத் தெரியாது. அங்கேயும் ராகத்தைச் சுருக்காதே, சொல்லை விழுங்காதே. ஒருத்தராவது கேட்டுக்கொண்டிருப்பார். யாருமே கேட்காவிட்டாலும் உன் காது கேட்கிறது. அது எதற்குப் பழகுகிறதோ அதுதான் நாளைக்குப் பெரிய மேடையிலும் வரும்.

2. மைக் இல்லாமல் பாடிப் பழகு. அந்தக் கால நாடகம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து விடியும்வரை நடக்கும். கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் கொடுத்த காசுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். கத்திப் பாடினால் ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். கள்ளக் குரலில் பாடினால் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. வாயை நன்றாகத் திறந்து, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, சுருதியில் ஒட்டி நின்று பாடுகிற குரலுக்கு மட்டும்தான் அந்தத் தூரம் எட்டும். சுருதி சேர்ந்த குரல் சின்னதாக இருந்தாலும் தூரம் போகும். விலகின குரல் எவ்வளவு பெரிதானாலும் கொட்டகைக்குள்ளேயே சிதறிப்போகும்.

விடிகாலையில் எழுந்து அகார சாதகம் செய். மந்தர ஸ்தாயியில் தொடங்கு. மேலே போக அவசரப்படாதே. இடவப்பாதி மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறிக் கிடக்கும். தம்புரா தந்தி இறங்கும், மிருதங்கத் தோல் தொய்யும். அப்போது எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம் கண்ணு. தம்புராவை ஒவ்வொரு நாளும் நீயே சேர்த்துப் பழகு. தந்தி எந்த இடத்தில் இழைகிறது என்று தேடித் தேடித்தான் காது கூர்மையாகும். பாடகிக்குக் குரலைவிடக் காதுதான் முதல் சொத்து.

3. பாடுகிற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் மேடை ஏறாதே. நம் பக்கத்துக் கடற்கரையில் லத்தீன் கிறிஸ்தவர்கள் ஆடும் சவிட்டு நாடகத்தை நீ பார்த்திருப்பாய். போர்ச்சுகீசியர் வந்த பிறகு இந்தக் கரையில் வளர்ந்த கலை அது. சார்லமேன் மன்னனின் கதையைக் 'காரல்ஸ்மான் சரித'மாக ஆடுவார்கள். மினுமினுக்கும் சட்டை, கிரீடம், வாள். மரப்பலகை மேடையை மிதித்து மிதித்து, நடிகர்களே பாடிக்கொண்டு ஆடுவார்கள். நம் மண்ணின் ஆபரா அதுதான். அதன் பழைய சுவடிகளில் இருப்பது பெரும்பாலும் தமிழ். சின்னத்தம்பி அண்ணாவி முதலான ஆசான்கள் கட்டிய பாட்டுகள் அவை. வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்த பிள்ளைகள் அந்தத் தமிழைத் தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடம் செய்து பாடுகிறார்கள்.

ஒருமுறை ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். ராஜா வேடம் கட்டிய பையன் ஒரு வரியைப் பாடப் பாட, ஆசான் நிறுத்திக்கொண்டே இருந்தார். தாளம் சரியாக இருந்தது, ராகமும் சரி. கடைசியில் ஆசான் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த வரியில் ராஜா மகனைப் பறிகொடுத்துவிட்டுப் பேசுகிறார் என்று மலையாளத்தில் சொன்னார். அடுத்த தடவை அவன் பாடியபோது மிதியின் கனமே மாறிவிட்டது. தியாகராஜர் கிருதியானாலும், மலையாளப் பதமானாலும், வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொள். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதே.

4. வட்டியில் பாடு, முதலைத் தொடாதே. இது என் சொல் அல்ல. அமெரிக்காவில் லியோன்டின் பிரைஸ் என்றொரு சொப்ரானோ. 1927-ல் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற சின்ன ஊரில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். அம்மா பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஃப்ளாரன்ஸ் பேஜ் கிம்பால் அம்மையார் சொன்ன புத்தி இது: குரல் என்பது நீ வங்கியில் போட்ட பணம், அதன் வட்டியைச் செலவு செய், முதலில் கை வைக்காதே. பிரைஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

பிரைஸுக்கே அதன் அருமை பட்டுத்தான் தெரிந்தது. 1961 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா மேடையில் அவர் முதல்முதலாகப் பாடியபோது, அரை மணிக்கும் மேல் கைதட்டல் ஓயவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு அந்த ஒரே வருஷத்தில் புதுப் புது வேடங்கள், ஓயாத வேலை. அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒரு ஆபராவின் நடுவே குரல் போய்விட்டது. இரண்டாம் அங்கத்தின் மிச்ச வரிகளைப் பேசித்தான் முடித்தார். மூன்றாம் அங்கத்தை வேறொருவர் வந்து பாட வேண்டியிருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஓய்வெடுத்தார். திரும்பி வந்த பிறகு, வருகிற வேடங்களில் பலவற்றை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். 1985-ல் 'ஐதா' பாடி ஆபரா மேடையிலிருந்து விடைபெற்றபோதும் அந்தக் குரல் ஒளியோடு இருந்தது.

தொண்டை கட்டியிருக்கும்போது பாடாதே. உற்சவக் கமிட்டிக்காரர் கோபித்துக்கொள்வார், நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்பார். கோபம் ஒரு வாரத்தில் போகும். சளியோடு பாடிக் கிழித்துக்கொண்ட தொண்டை அத்தனை சீக்கிரம் திரும்பி வராது. அப்படிப் பாடிவிட்டுப் பல மாதம் பேசவும் முடியாமல் கிடந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மிளகு கஷாயமும் சுக்குக் காப்பியும் இதமாக இருக்கும். ஓய்வின் வேலையை அவை செய்யாது.

5. உன்னைவிடப் பெரியவர் பக்கத்தில் நின்று பாடப் பயப்படாதே. 1926-ல் கொழும்பில் சுந்தராம்பாளுக்கு ஜோடியாக நடிக்க எஸ்.ஜி. கிட்டப்பாவை ஏற்பாடு செய்தார்கள். செங்கோட்டைக்காரர், குழந்தைப் பருவத்திலிருந்தே மேடையில் வளர்ந்தவர், அந்தக் குரலுக்கு ஈடு அன்றைக்கு யாரும் இல்லை. அவரோடு பாடினால் நீ காணாமல் போவாய் என்று இவரை மிரட்டியவர்கள் உண்டு. அந்தப் பெண்ணோடு பாடினால் உன் பெயர் கெட்டுவிடும் என்று அவரையும் மிரட்டினார்களாம். 'வள்ளி திருமண'த்தில் இருவரும் பாட்டிலேயே தர்க்கம் செய்தபோது, ஒருவர் எட்டிய இடத்துக்கு மேலே மற்றவர் போனார். ஜனங்கள் விடிய விடிய எழுந்திருக்கவில்லை. ஒருவரால் மற்றவர் வளர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டே இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சேர்ந்து வாழ்ந்த காலம் குறைவு, மனத்தாங்கலோ அதிகம். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் கண்ணை மூடினார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார், வாழ்நாள் முழுதும் மாறவில்லை.

இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்று நீ கேட்கலாம். பாடுகிறவர்களின் மனசு சீக்கிரம் இளகும். சேர்ந்து பாடும்போது வருகிற நெருக்கத்துக்கு வேறெதிலும் ஈடு கிடையாது. அதனால் காதலிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் உன் பாட்டுக்கு ஒரு ஆள் மட்டுமே காரணம் என்று ஒருபோதும் நம்பிவிடாதே. கிட்டப்பா இல்லாமலும் சுந்தராம்பாள் பாடினார், 45 ஆண்டுகளுக்கு மேல்.

6. வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள். மற்ற எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. துக்கத்தில் வீட்டோடு இருந்த சுந்தராம்பாளைப் படத்தில் நடிக்கச் சொல்லி அசன்தாஸ் என்ற பட முதலாளி வந்தார். எவ்வளவு மறுத்தும் விடவில்லை. கேட்டால் ஓடிவிடுவார் என்று எண்ணி, சம்பளம் 1 லட்சம் ரூபாய் வேண்டும் என்றார் சுந்தராம்பாள். அன்றைக்கு இந்தியாவில் எந்த நடிகரும் வாங்காத தொகை அது. அந்த மனிதர் ஒப்புக்கொண்டார்! பேச்சுக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவையும் விட முடியாது. அதற்கு ஒரு வழி கிடைத்தது: 1935-ல் வெளிவந்த 'நந்தனா'ரில் அவரே நந்தனார், ஆண் வேடம். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார்.

ஜனங்கள் இந்தக் கதையில் அந்த 1 லட்சத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நீ மற்றதைப் பார். ஒரு பெண், விதவை, சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர், தனக்குத் தானே ஒரு எல்லை போட்டுக்கொண்டு அதற்குள் ஒரு முழு வாழ்க்கையைக் கட்டினார். 'மணிமேகலை', 'ஔவையார்', 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 'திருவிளையாட'லில் மறுபடி ஔவை. எதிலும் அவருக்கு ஜோடி கிடையாது. வேறு யாராலும் நிரப்ப முடியாத இடம் அவருக்கு அந்த மறுப்பினால் கிடைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

உனக்கும் கேட்டு வருவார்கள். குரல் வேண்டாம், முகம் போதும் என்பான் ஒருவன். இன்னொருவன் உன் சுருதியைவிட்டு இரண்டு கட்டை மேலே பாடச் சொல்வான். ராத்திரி ஒத்திகைக்குத் தனியாக வா என்பவனும் இருப்பான். எது உன் எல்லை என்று இன்றைக்கே, யாரும் கேட்காதபோதே, நிதானமாக உட்கார்ந்து முடிவு செய். ஆசை காட்டப்பட்ட பிறகு முடிவு செய்ய உட்கார்ந்தால் மனசு நமக்கு எதிராகத்தான் வாதாடும்.

7. விமரிசனத்தைப் படி, பிறகு தம்புராவை எடு. 'நந்தனார்' வந்தபோது எழுத்தாளர் கல்கி அதைக் கேலி செய்து எழுதினார்; படத்தில் வந்த மரங்களும் மாடும் நன்றாக நடித்தன என்கிற அளவுக்கு. அந்த வலி எப்படி இருந்திருக்கும்! ஆனால் ஜெமினி வாசனின் 'ஔவையார்' 1953-ல் வந்தபோது, அந்தக் கிழவியாக வேறு யாரையும் தமிழ் ஜனங்களால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

8. காத்திருக்கிற காலத்தைப் பழிக்காதே. 'மணிமேகலை' 1940-ல் வந்தது. அடுத்த படமான 'ஔவையார்' 13 ஆண்டு கழித்து. இடையில் சுந்தராம்பாள் கச்சேரிகளிலும் காங்கிரஸ் மேடைகளிலும் பாடிக்கொண்டிருந்தார்; 1951-ல் சென்னை மாநில மேல்சபை உறுப்பினரும் ஆனார். படம் இல்லாததால் பாட்டு நிற்கவில்லை.

நம் ஊரிலேயே ஒருவர் இருந்தாரே, எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர். 1936-ல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தவர். வீட்டு வறுமையால் அவரையும் அண்ணனையும் பழனியில் ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் சங்கீதம் கற்றார். நம் தமிழ் மண்ணில் முளைத்த பாட்டு அது என்பதில் எனக்குப் பெருமை. ஊர் திரும்பிக் கிடைத்த வேலையெல்லாம் செய்து, நாடகங்களுக்கு மெட்டமைத்து, 1968-ல்தான் முதல் படம். மலையாள நாடெங்கும் அவர் மெட்டுகளை முணுமுணுக்காத வீடு கிடையாது. ஆனாலும் சினிமா இசைக்கான கேரள மாநில விருது அவரைத் தேடி வந்தது 2017-ஆம் ஆண்டின் 'பயானகம்' படத்துக்கு, அவர் எண்பதைக் கடந்த பிறகு. பள்ளுருத்தியில், நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எளிமையாக வாழ்ந்து 2020-ல் மறைந்தார். வீடு தேடி வந்தவர்களிடம் அவர் விருதைப் பற்றிக் குறைபட்டதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. விருது வராத வருஷங்களிலும் ஆர்மோனியம் திறந்தேதான் இருந்தது.

9. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை மதி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் துணை நின்றது. அந்தத் துணை இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்குத் தரை இல்லை. வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பேசிய பணத்தை மேடை இறங்கிய அன்றே கொடு. அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டு நீ சாப்பிடு. மைக் செட் போடுகிற பையனின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்.

10. வயசாவதற்கு அஞ்சாதே. இன்றைக்கு உன் குரல் மேல் பஞ்சமத்தைச் சுலபமாகத் தொடுகிறது. நாற்பதில் கொஞ்சம் சிரமப்படும், ஐம்பதில் தொடாமலும் போகலாம். அப்போது சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொள். அதில் ஒரு அவமானமும் இல்லை. குரலில் ஓடுகிற வேகம் குறையும்போது பொருளின் ஆழம் கூடும், உள்ளே சரக்கு இருந்தால். சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது 1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்கு. அவருக்கு அப்போது அறுபது கடந்துவிட்டது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. 1980-ல் மறைகிறவரை அந்தக் குரலில் கம்பீரம் குறையவில்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 'ஔவையார்' படத்தைத் தேடி எடுத்து ஒருமுறை பார். மறுநாள் திரையை அணைத்துவிட்டுப் பாட்டுகளை மட்டும் கேள். எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார், எங்கே பிருகாவை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, ஓண லீவுக்கு அம்மாவோடு இடக்கொச்சிக்கு வா. தம்புராவுக்குப் புதுத் தந்தி போட்டு வைத்திருக்கிறேன். சரளி வரிசையிலிருந்தே தொடங்குவோம்.